மூடிய அச்சுக்குள் மரத் தவளை

4-7-83, திங்கள்

என்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டார்கள். அதுதான் அநியாயம். மருமகள் கலாவை ஆடி பிறக்கும் முன் செலியமேட்டுக்கு, தாய்வீட்டோடு கூட்டிப்போகிறார்களாம். அவள் வீட்டார் போட்ட கடிதத்தில் இரண்டு வரி. என் மகன் குமார் மஞ்சள் காமாலையில் போய் நான்கு மாதம்கூட முடியவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

வெயில். மேல்காற்று. காலையிலிருந்து பல்வலி.

இன்னொன்று. போகும்போது அவளுக்கு மரத் தவளை வேண்டுமாம். குமார் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, வார்னிஷ் அடித்தது. உள்ளங்கையில் அடங்கும். ஊசுட்டேரியில் விரால் பிடிக்க. எல்லாரும் உயிர்த் தவளையைத்தான் முள்ளில் குத்துவார்கள். அவனும் குத்திக்கொண்டிருந்தவன்தான்.

"தவளையக் குத்தறதப் பாத்து நான் அழுதேன்னுதான் அவரு மரத்துல செஞ்சாரு மாமா. எனக்காவத்தான்," என்றாள் கலா.

"கட்டை என் வூட்டுக் கட்டை. கத்தி என் கத்தி," என்றேன்.

கொடுக்க மாட்டேன். வெறுங்கையோடு அனுப்பினான் என்ற பேரும் எனக்கு வேண்டாம். அச்சு எடுத்து, மெத்தென்று ஒன்று வார்த்து அவளுக்குத் தருவேன். மரம் என்றால் விரால் கடித்ததும் துப்பிவிடுகிறது என்று குமாரே இதற்குச் சாமான் சேர்த்து வைத்திருந்தான். அவன் வேலை பார்த்த பொம்மைக் கம்பெனியில் கேட்டு வாங்கியது. அச்சுக்குச் சிலிக்கான் ரப்பர் ஒரு டப்பா, அதை இறுக்க ஹார்டனர், தவளை வார்க்க, காய்ச்சி ஊற்றினால் மெத்தென்று இறுகும் பிளாஸ்டிக் பால் ஒரு பாட்டில். படுக்கையில் விழுந்த பிறகு அவன் தொடவில்லை.

அவனோடு வேலை செய்த முருகேசன் வந்து முறை சொன்னான். தவளையைப் பாதிவரை களிமண்ணில் புதைத்து மேலே ரப்பர் ஊற்ற வேண்டும். இறுகியதும் கவிழ்த்து, களிமண்ணை எடுத்துவிட்டு மறுபாதி.

"நடுவுல வாஸ்லின் தடவ மறந்துடாதீங்க பெரியப்பா. இல்லன்னா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்."

எனக்குத் தெரியும் என்றேன். தெரியாது. வாஸ்லின் வாங்கி வந்தேன்.

மாலை முதல் பாதி ஊற்றியாயிற்று. பிஸ்கட் டப்பா. ஏரிக் களிமண். கை நடுக்கம்.

5-7, செவ்வாய்

முதல் பாதி நன்றாக இறுகியிருந்தது. கவிழ்த்தேன். களிமண்ணைச் சுரண்டினேன், கழுவினேன், துணியால் ஒற்றி எடுத்தேன். தவளையின் வயிறு தெரிந்தது. கத்தி போன கோடுகள். இடது பின்காலை மட்டும் முடிக்காமல் விட்டிருக்கிறான்.

அந்த நேரம் பார்த்துக் கலாவின் அண்ணன் சேகர். சைக்கிளை நடைவரை உருட்டிக்கொண்டு வந்தான்.

"தங்கச்சி தையல் கத்துக்கட்டும் மாமா. இங்க குந்திகினு இன்னா பண்ணப்போவுது?"

"இங்க இன்னா, கொடுமையா பண்றோம்?"

"நான் அப்பிடிச் சொன்னனா?"

"சொல்லாமச் சொல்ற."

நாளைக்கே கூட்டிப்போகிறானாம். கலா இருவருக்கும் காபி வைத்தாள். எனக்குச் சர்க்கரை குறைவு. மறக்கவில்லை.

அவன் போனதும் அவள் அறையைப் பெருக்கினாள். அதன் பிறகு மிச்ச ரப்பரை ஹார்டனரோடு கலக்கி ஊற்றினேன். கோபம் தணியவில்லை. டப்பா காலி.

6-7, புதன்

திறக்கவில்லை. கத்தி முனை நுழையக்கூட இடமில்லை. செங்கல் மாதிரி ஒரே கட்டி. தவளை உள்ளே. குலுக்கினால் சத்தம்கூட இல்லை.

பெருக்கும்போது வாஸ்லினைத் துடைத்திருக்கிறாள். வேறு எப்படி?

கூட்டிப்போக வந்த சேகர் முன்னாலேயே கேட்டேன்.

"நான் அந்த டப்பாவத் தொடவே இல்ல மாமா."

"உனுக்குக் கெடைக்கலன்னா எனுக்கும் வேணாம்னு தொடச்சிட்ட."

"மாமா, வார்த்தய அளந்து பேசுங்க," என்றான் சேகர்.

"புருஷனயும் முழுங்கிட்ட, அவன் கையால செஞ்சதயும்..."

முடிக்கவில்லை. முடித்த மாதிரிதான்.

கலா அழவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். "சோறு வடிச்சி வெச்சிருக்கேன். ரசம் அடுப்பாண்ட. சூடு பண்ணிக்குங்க." அவ்வளவுதான். பத்தே கால் பஸ்.

நான் சாப்பிடவில்லை.

7-7, வியாழன்

தூறல். உடனே நின்றுவிட்டது. ரசம் கெட்டுப்போயிற்று. கொட்டினேன்.

முருகேசன் கட்டியைப் பார்த்துச் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"இதுக்கா இப்பிடி குந்திகினு இருக்கீங்க? பிளேடால சுத்தி அறுத்துட்டா அதுதான் அச்சு. நேரா அறுக்கக் கூடாது. வளைச்சி வளைச்சி அறுத்தா ரெண்டு பாதியும் நகராமப் பொருந்தும். கம்பெனில வேணும்னே இப்பிடிச் செய்யறதும் உண்டு."

ஆக, எதுவும் பாழாகவில்லை. அச்சும் கிடைக்கும். தவளையும் கிடைக்கும்.

"ஆனா நீங்க வாஸ்லின் தடவலியா பெரியப்பா?"

"தடவினேன். தொடச்சிட்டாங்க."

அவன் போன பிறகு செவ்வாய்க்கிழமை எழுதியதை எடுத்துப் படித்தேன். சுரண்டினேன், கழுவினேன், ஒற்றினேன், கலக்கினேன், ஊற்றினேன். வாஸ்லின் இல்லை. இரண்டு முறை படித்தேன். பல்வலியைக்கூட எழுதி வைக்கிறவன் நான்.

அலமாரியில் வாஸ்லின் இருந்தது. மூடியைச் சுற்றி ஒட்டிய காகிதம் கிழியவில்லை.

8-7, வெள்ளி

என்னைக் கேட்காமல் கூட்டிப்போனது அநியாயம்தான். அதை விடவில்லை. அது வேறு, இது வேறு.

செய்ய வேண்டியவை:

புது பிளேடு வாங்க - நான்.

அறுக்க - முருகேசன். என் கை மரத்தைக் கீறிவிடும்.

பிளாஸ்டிக் பாலைக் காய்ச்சி ஊற்ற - முருகேசன். நான் பக்கத்தில்.

வார்த்த தவளை - எனக்கு.

மரத் தவளை - கலாவுக்கு.

செலியமேட்டுக்குக் கொண்டுபோக - நான். முருகேசனிடம் கொடுத்தனுப்பக் கூடாது.

தடவ மறந்தவன் நான் என்று சொல்ல - நான். சேகர் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து.