பார்த்துவிட்டேன் என்று எழுதினீர்கள்

ஜனவரி 9

என் பிரியமானவருக்கு,

இங்கே எல்லோரும் நலம், நீங்கள் அனுப்பிய மிக்ஸியைத் தவிர. சுவிட்சைப் போட்டதும் விமானம் கிளம்புவதுபோல் ஒரு சத்தம், பிறகு ஒரே புகை. நம் குட்டி பயந்து வாசலுக்கு ஓடிவிட்டாள். எலக்ட்ரீசியன் வந்து அதைத் திருப்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "இது நூத்திப்பத்து வோல்ட் மிஷின்மா. நம்ம வீட்ல வர்றது எரநூத்தி முப்பது. எரியாம என்ன பண்ணும்?" என்றார். இனி எது வாங்கினாலும் அடியில் உள்ள எண்ணைப் பாருங்கள். அதைவிட, பொருளுக்குப் பதில் நீங்களே ஒருமுறை வந்தால் என்ன? நீங்கள் வெளிநாடு போய் மூன்று வருடமாகிறது.

உங்கள் வாயாடி

பிப்ரவரி 2

என் வாயாடிக்கு,

வேலை பெண்டை நிமிர்த்துகிறது, அதனால் நாலு வரிதான். குட்டி கேட்ட இஸ்திரிப் பெட்டியை அனுப்பியிருக்கிறேன். நம் வீட்டுச் சுவரில் பொருந்தும்படி வேறு பிளக்கும் வைத்திருக்கிறேன். வோல்ட் எல்லாம் நான் பார்த்துவிட்டேன், தைரியமாகப் போடு. அந்த எலக்ட்ரீசியன் பேச்சைக் கேட்டால் விளக்குகூடப் போட முடியாது. லீவு அடுத்த வருடம் பார்க்கலாம்.

உன்னவன்

மார்ச் 6

என்னவருக்கு,

எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. பெட்டி வந்ததும் எலக்ட்ரீசியனைக் கூப்பிடலாம் என்றேன். "அதான் அப்பா பாத்துட்டேன்னு எழுதியிருக்காரே, அப்புறம் என்னம்மா?" என்றாள் குட்டி. எனக்கும் சரியென்றுதான் பட்டது. பள்ளிக்கூடச் சட்டையைத் தேய்க்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் சட்டை பற்றிக்கொண்டது. பெட்டியைத் தூக்கப் போனவளின் கையில் பிடியே உருகி ஒட்டிவிட்டது. வலது கை. ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். விரல்கள் மடங்குமா என்று கேட்டால் டாக்டர் பேச்சை மாற்றுகிறார். கட்டுப் பிரிக்கும்போது அவள் என்னைக் கூப்பிடுவதில்லை, "அப்பா" என்றுதான் கத்துகிறாள். உடனே வாருங்கள். ஒன்று மட்டும் சொல்லுங்கள், நிஜமாகவே பார்த்தீர்களா?

உங்கள் வாயாடி

மார்ச் 28

என் கண்ணே,

நெஞ்சு வெடிக்கிறது. உன்னிடம் மறைக்க மாட்டேன், நான் பார்க்கவில்லை. எங்கேயும் ஓடும் என்றான் கடைக்காரன். அவசரத்தில் நம்பிவிட்டேன். முதலாளி இப்போது விடமாட்டார். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று அனுப்பியிருக்கிறேன். இருநூற்று முப்பதை நூற்றுப்பத்தாகக் குறைத்துக் கொடுக்கும். இனி எதை அனுப்பினாலும் பயமில்லை.

உன்னவன்

ஏப்ரல் 20

குட்டியின் அப்பாவுக்கு,

டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. எலக்ட்ரீசியன் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நல்ல சரக்கு. எதுக்கு மாட்டணும்?" என்றார். மாட்ட ஒன்றுமில்லை, நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன்.

இரண்டு விரல்கள் இனி மடங்காதாம். இடது கையால் எழுதப் பழகுகிறாள். அப்பாவுக்கு ஒரு வரி எழுதேன் என்று தாளைக் கொடுத்தேன். என் பக்கமே தள்ளிவிட்டாள்.

கோபம் இருந்தால் நாலு பக்கம் எழுதியிருப்பேன். கோபமில்லை. லீவு கிடைத்தாலும் வரவேண்டாம்.

குட்டியின் அம்மா