மூன்று தட்டு

மாமல்லபுரம்,
மாசி மாதம், 2009.

அன்புள்ள மோசஸுக்கு, செங்கல்பட்டு கூட்ஸ் ஷெட்டில் உன்னோடு மூட்டை தூக்கிய காசிநாதன், மகள் அம்சாவின் கையால் எழுதிக்கொள்வது.

தனுஷ்கோடியை ரயிலோடு கடல் வாரிக்கொண்டு போனது ஒரு மார்கழியில். அடுத்து வந்த தை மாச நடுவில் இந்தி வேண்டாம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் வந்த காணும் பொங்கல் அன்று, கொளவாய் ஏரிக்கரைக் கோதாவில் நீயும் நானும் குஸ்தி பிடித்தோம். வருஷத்தின் நம்பர் எனக்குத் தெரியாது. அம்சா கணக்குப் போட்டு 1965 என்கிறாள். நாற்பத்து நாலு வருஷம் ஓடிவிட்டது. உடம்பு சுகமா என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்காமல் கடிதம் தொடங்கவும் தெரியவில்லை. சுகமாக இரு.

கண்ணுக்கு மருந்து வாங்க செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொட்டு மருந்து விட்ட நர்ஸ் முகத்தில் உன் மூக்கு அப்படியே இருந்தது. கேட்டேன். உன் தங்கை மகளாம். நீ போர்ட் பிளேரில் மர மில் வேலையை விட்டு மகள் வீட்டில் இருக்கிறாய் என்று சொல்லி, விலாசமும் எழுதிக் கொடுத்தாள்.

அம்சா எனக்குக் காலம்போன காலத்தில் பிறந்த ஒரே பெண். வயது இருபத்தாறு. மறைமலைநகரில் கார் சாமான் செய்கிற கம்பெனியில் வேலை. அவள் அம்மா போய் ஆறு வருஷம். கம்பெனி பஸ்ஸில் போவாள், வருவாள், சோறு வடிப்பாள், படுப்பாள். இரண்டு இடத்திலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போய்ப் பதில் சொல்லவில்லை. அவள் சிரித்து நான் கேட்டு நாளாயிற்று.

போன வருஷம் மாடி அறையை மார்கரெட் என்ற பெண்ணுக்கு வாடகைக்கு விட்டோம். பிரேசில் தேசத்துக்காரி. காலையில் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போவாள், அலைமேல் நின்றபடி கரைக்கு வருவாள். சாயங்காலம் மொட்டைமாடிக் கொட்டகையில் ரப்பர் பாய் விரித்து ஜியு-ஜிட்சு என்று ஒரு சண்டை சொல்லித் தருவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போன அம்சா இரண்டு மணி நேரம் கழித்து இறங்கினாள். துணியை மறந்துவிட்டாள். படியில் சிரித்துக்கொண்டே இறங்கினாள். (இதையெல்லாம் எழுத வேண்டாம் என்கிறாள். எழுது என்கிறேன்.)

அப்படி என்ன அதிசயம் என்று நானும் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறிப் பார்த்தேன். மார்கரெட் மல்லாந்து படுத்திருந்தாள். அவளிடம் கற்றுக்கொள்கிற ஓட்டல் காவலாளி, ஆறடி ஆள், அவள்மேல் கவிழ்ந்திருந்தான். நம்ம கோதாவில் இரண்டு தோளும் மண்ணில் பட்டால் முடிந்தது, மேளக்காரன் அடித்துத் தீர்த்திருப்பான். இங்கே அதற்குப் பிறகுதான் சண்டையே தொடங்குகிறது. அவன் வலது கையை இழுத்துத் தன் தொடைகளுக்கு நடுவில் சிக்கவைத்தாள். காலை அவன் முகத்துக்குக் குறுக்கே போட்டாள். இடுப்பை ஒரு சாண் தூக்கினாள். அவ்வளவு பெரிய ஆள் குழந்தை மாதிரி முகம் சுளித்தான். நான் கைப்பிடிச் சுவரைத் தேடிப் பிடித்துக்கொண்டேன்.

மோசஸ், அது உன் பிடி. நீ ஒருத்தனாக மண்ணில் புரண்டு புரண்டு கண்டுபிடித்தது. அதற்கு நமக்குக் குஸ்தி சொல்லித் தந்த வஸ்தாது கன்னியப்பன், "படுத்துக்கினு போடறதெல்லாம் ஒரு சண்டையா? எழுந்து நில்றா சோமாரி" என்று உன்னைத் திட்டியது என் காதில் இப்போதும் இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தேசமே அதைப் பாடமாக வைத்துப் படிக்கிறது, தெரியுமா உனக்கு?

பங்குனிக் கடைசி ஞாயிறு சென்னையில் ஒரு காலேஜ் உள்ளரங்கத்தில் போட்டி. புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் வெள்ளை பெல்ட்காரர்கள். அவர்களுக்குத் தனிப் பிரிவு. அம்சாவுக்கு இதுதான் முதல் போட்டி. அந்தச் சண்டைக்கென்று போடுகிற கெட்டிச் சட்டையோடு சேர்த்து ஐம்பத்தெட்டரைக் கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாதாம். நம்ம தெரு எல்லப்பன் அரிசிக்கடைத் தராசில் ஏறி நின்றாள். அறுபத்திரண்டு கிலோ காட்டியது. அவன் தெருவுக்கே கேட்கும்படி, "அண்ணாத்த, உன் பொண்ணு ரெண்டரை சிப்பத்துக்குக் கொஞ்சம் கம்மி கீது. சலிச்சுப் புடைச்சா சரியாப்பூடும்" என்று கத்தினான். "நீ ஏறினா தராசே பூடும் மாமா" என்று இவள் சொல்லிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து ராத்திரிக்கு ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கூழ்தான். தலையில் எண்ணெய் கிடையாது, பூ கிடையாது. நகத்தை ஒட்ட வெட்டிவிட்டாள். வயசுக்கு வந்தபோது அவள் அம்மா போட்ட மூக்குத்தி திருகு இறுகிக் கிடந்தது. ஆசாரியிடம் போய்க் கழற்றிக்கொண்டு வந்தாள். அதற்கு மட்டும் கொஞ்சம் அழுதாள்.

எல்லாம் செய்கிறாள். ஒன்றே ஒன்று செய்யமாட்டேன் என்கிறாள். தட்டமாட்டாள்.

அந்த ஆட்டத்தில், கை முறுகி இனிமேல் தாங்காது என்றால் உள்ளங்கையால் எதிராளி உடம்பிலோ பாயிலோ தட்ட வேண்டும். தட்டினால் அந்த நொடியே அவர் விட்டுவிட வேண்டும். இதில் யாருக்கும் வெட்கம் இல்லை. தட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள், கைகொடுத்து மறுபடியும் பிடிக்கிறார்கள். சொல்லித் தருகிற மார்கரெட்டே தட்டுகிறாள். அம்சா மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். போன மாசம் அவள் இடது முழங்கை படக்கென்றது கீழே எனக்குக் கேட்டது. சுரைக்காய் மாதிரி வீங்கிவிட்டது. கம்பெனிக்குப் பதினோரு நாள் லீவு.

ஏன் தட்டவில்லை என்று மார்கரெட் கேட்டதற்கு, "எங்கப்பா கை ஒருத்தர்கிட்டயும் கெஞ்சினதில்ல. வேணும்னா எங்க வூட்டு அண்டாவைப் போய்ப் பார்" என்றாளாம். அவளும் இறங்கி வந்து பார்த்தாள். அந்தக் காணும் பொங்கல் குஸ்தியில் நான் ஜெயித்த பித்தளை அண்டாதான். அன்றிலிருந்து இன்றுவரை அதில்தான் எங்கள் குடிதண்ணீர். அம்சா தவழ்கிற வயசிலிருந்து அந்தக் கதையைக் கேட்டு, அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள்.

மார்கரெட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை பெயர் கொடுக்க வேண்டும். அதற்குள் அம்சா தட்டக் கற்றுக்கொள்ளாவிட்டால் பெயரைக் கொடுக்கமாட்டாள். கை உடைந்த பெண்ணைத் தூக்கிக்கொண்டுபோய் அவள் அப்பன் முன்னால் நிற்க நான் இவ்வளவு தூரம் வரவில்லை என்கிறாள். அவள் சொன்னதில் தப்பில்லை. இன்றைக்குப் புதன். அதனால்தான் இன்றைக்கே இவளை எழுத உட்காரவைத்தேன். அம்சா, நான் சொல்வதை மாற்றாமல் எழுது. நடுவில் நிறுத்தாதே.

மோசஸ், நான் தட்டினேன். உன் ஒரு தோள் மண்ணில் இருந்தது, ஒரு தோள் மேலே இருந்தது. என் வலது கை உன் தொடைகளுக்கு நடுவில். இன்னும் ஒரு விரல்கடை நீ இழுத்திருந்தால் முழங்கை போயிருக்கும். மூட்டை தூக்குகிறவனுக்குக் கை போனால் என்ன மிச்சம்? இடது கையால் உன் விலாவில் மூன்று முறை தட்டினேன். ஜனங்கள் பக்கம் உன் முதுகு இருந்தது, யாரும் பார்க்கவில்லை. அப்படித் தட்டினால் விட வேண்டும் என்று நம்மிடம் சட்டம் கிடையாது. யாரும் உனக்குச் சொல்லித் தரவும் இல்லை. ஆனாலும் நீ விட்டாய். நீ விட்ட கையாலேயே உன் இன்னொரு தோளை மண்ணில் அழுத்தினேன். நான் ஜெயித்தேன் என்று வஸ்தாது துண்டை வீசிவிட்டார். அண்டாவை என் தலையில் கவிழ்த்து ஊர்வலம் விட்டார்கள். நீ ஒரு பார்வை பார்த்தாய், நான் தட்டியதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த மாசமே அந்தமானுக்குக் கப்பல் ஏறினாய். வழியனுப்ப எல்லோரும் துறைமுகத்துக்கு வந்தார்கள். நான் வரவில்லை.

*

இதற்கு மேல் எழுதுவது அதே நாள் சாயங்காலம்.

மேலே உள்ளதை எழுதியதும் அம்சா பேனாவை மூடி வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்டாவைத் தூக்கிக்கொண்டுபோய் அவ்வளவு தண்ணீரையும் தென்னை மரத்துக்கு ஊற்றினாள். வெறும் அண்டாவை என் எதிரே கவிழ்த்து வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். மகளும் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மேலே பாய் அதிர்ந்தது. யாரோ விழுந்தார்கள், புரண்டார்கள். பிறகு என் தலைக்கு நேர் மேலே, தட், தட், தட். அடுத்து சிரிப்பு. மறுபடி விழுந்தார்கள், மறுபடி மூன்று தட்டு. என் வயசில் எவ்வளவோ மேளம் கேட்டிருக்கிறேன் மோசஸ். எதுவும் உடம்பை இப்படிச் சிலிர்க்க வைத்ததில்லை.

வேர்வையோடு இறங்கி வந்து பேனாவை எடுத்துக்கொண்டு, "உம், சொல்லுப்பா" என்றாள். கோபமா என்று கேட்டேன். "மன்னிப்பை அந்த மாமாகிட்ட கேளு. நான் இன்னா, எழுதறவதானே" என்றாள். பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே, "எதுவுமே தெரியாம வுட்டாரே, எப்டிப்பா?" என்று கேட்டாள். நாற்பத்து நாலு வருஷமாக நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மார்கரெட் பெயர் கொடுத்துவிடுவாள். நீ வர வேண்டும். கப்பல் மூன்று நாள்தான் என்கிறார்கள். துறைமுகத்துக்கு அம்சா வந்து நிற்பாள். அரங்கத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார். யார் மேலே, யார் கீழே, யார் ஜெயிக்கிறார்கள் என்று எனக்கு ஒன்றும் விளங்காது. உனக்கு விளங்கும், சொல்லு. அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்து வைக்கிறேன் என்கிறாள். அது உன்னுடையது. நாங்கள் இனிமேல் பிளாஸ்டிக் குடத்தில் குடித்துக்கொள்கிறோம். வர முடியாவிட்டால், அங்கிருந்தே அவளை வாழ்த்து. என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

கையெழுத்துப் போடத் தெரியாது. வலது கைப் பெருவிரலை வைக்கிறேன். நீ விட்ட கை அதுதான்.

வஸ்தாது கன்னியப்பன் போய்விட்டார். மேளம் அடித்த தாசப்பன் போய்விட்டான். அண்டாவைத் தலையில் கவிழ்த்த அண்ணன் தம்பிகளில் பெரியவன் மஞ்சள் காமாலையில் போனான், சின்னவன் சுனாமியில் போனான். எல்லோரும் நான் ஜெயித்தேன் என்றே நினைத்துக்கொண்டு செத்தார்கள். அவர்கள் ஒருவரிடமும் போய் இனி நான் மாற்றிச் சொல்ல முடியாது. அன்றைக்கு அந்தக் கோதாவில் இருந்தவர்களில், நான் சொல்லிக் கேட்க உயிரோடு மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள், மோசஸ்.