லேசான போல்ட் கேரியர்

நவம்பர் 13, வியாழன். அபுதாபி.

இன்று நான் வேலை பார்க்கும் துப்பாக்கிக் கடைக்கு வந்த அரபி, தன் போட்டித் துப்பாக்கிக்குள் ஒவ்வொரு சூட்டுக்கும் முன்னும் பின்னும் ஓடும் இரும்புப் பாகமான போல்ட் கேரியர், லேசானது நல்லதா, கனமானதா என்று கேட்டார். "லேசானதுதான், உதைப்பு குறையும்" என்றேன். கேட்லாக்கில் படித்ததை, ஏதோ சுட்டுப் பார்த்தவன் போலச் சொன்னேன். நான் துப்பாக்கி சுட்டதே இல்லை. அவர் நம்பி மாற்றிக்கொண்டு, பழையதைக் கடையிலேயே விட்டுப் போனார்.

அப்புறம்தான் சீனியர் நாசர் பாய் சொன்னார்: "நாளைக்குக் காலைல போட்டி, பாலைவனத்துல இருக்கற சுடுற ரேஞ்சுலப்பா. மண்ணு புகுந்தா லேசானது சிக்கிக்குமே. எங்க சுடப் போறீங்கன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. ஆறு தடவை போன் செய்தேன், அவர் எடுக்கவில்லை. பழையது கடை லாக்கரில் இருக்கிறது. துப்பாக்கிப் பாகத்தை வெளியே எடுத்துப்போக எனக்கு அனுமதி இல்லை.

போட்டிக்கு முன்பே ரேஞ்சுக்குப் போய் அவரைப் பிடிக்க, விடிகாலை நாலு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன். வெறுங்கையோடு போய் நின்று அவரிடம் என்ன சொல்வேன்?