பஸ்ஸின் பின்கம்பியைப் பிடித்தவர்கள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் மூவரும் நலம், உன் தங்கை சிட்டுவின் முழங்கையில் மட்டும் ஒரு கட்டு, எலும்பு முறியவில்லை, பதறாதே. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது வீட்டு ஒட்டடையெல்லாம் அவர் கண்ணில் படுகிறது, நான் பஸ் ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டினால் போதும், "இதெல்லாம் இத்தனை நாள் இங்கதான் இருந்துச்சா?" என்று ஆரம்பித்துவிடுகிறார். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான்.

போன செவ்வாய்க்கிழமை காலை மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தேன், பஸ்ஸில் நிற்க இடமில்லை. பின்னால் ஒரு தண்ணீர் லாரி விடாமல் ஹாரன் அடித்தது. வழி கேட்கிறான் போலிருக்கிறது என்று நான் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் பின்சீட்டு அம்மாள் ஒருவர், "டிரைவரம்மா, பசங்க பஸ்ஸப் புடிச்சுக்கிட்டு வருதுங்க!" என்று கத்தினார். கண்ணாடியில் பார்த்தால் ஒருவரும் இல்லை. சட்டென்று பிரேக் போட்டால் பஸ்ஸின் முதுகிலேயே மோதுவார்கள், அதனால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து ஓரங்கட்டினேன். அதற்குள் லாரி டயர் கிறீச்சிட்டது. இறங்கி ஓடினேன். இரண்டு பையன்கள் தாங்கள் உருண்டு வந்த ஸ்கேட்போர்டை, அதுதான் அந்தச் சக்கரம் வைத்த பலகையை, தூக்கிக்கொண்டு ஓட்டம் பிடித்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தது, லாரிக்கும் அதன் தலைக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. தொப்பியைக் கழற்றினால் நம் சிட்டு! என்னைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "இது உன் பஸ்ஸுன்னு தெரியாதும்மா." லாரி டிரைவர் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். மனுஷன் இறங்கி வந்தவர் ஓரக் கட்டையில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தார், மூடியை எதிர்ப்பக்கமாகவே திருகிக்கொண்டிருந்தார், நான்தான் வாங்கித் திறந்து கொடுத்தேன்.

அவளை முன்சீட்டில் உட்கார வைத்து டிரிப்பை முடித்தேன். நாலு அறை விடலாம் என்றுதான் இருந்தது, ஆனால் அதைவிட ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. பதினாறு வருஷமாக ஓட்டுகிறேன், முதுகில் மூன்று பேர் வருவது எனக்கு எப்படித் தெரியாமல் போனது? டிப்போவில் அவளை என் சீட்டில் ஏற்றிவிட்டு, அவள் பிடித்த அதே கம்பியைப் பிடித்துப் பின்னால் குந்தினேன். "தெரியறேனா?" என்று கத்தினேன். "எங்கம்மா இருக்க?" என்றாள். இந்தக் கண்ணாடி, அந்தக் கண்ணாடி என்று மாறி மாறிப் பார்த்தாளாம். இறங்கி வந்து நான் குந்தியிருந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். அதுவரை எல்லா டிரைவருக்கும் தாங்கள் கண்ணாடியில் தெரிவோம், தெரிந்தேதான் விடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறாள்.

அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான். "புடிச்சதும் ரோடு தானா ஓட ஆரம்பிக்கும்மா, நாம ஒண்ணுமே செய்ய வேணாம்" என்றாள். பஸ் நிற்கப் போவது எப்படித் தெரியும் என்றேன். "பிரேக்குக்கு முன்னாடி பஸ்ஸு ஒரு பெருமூச்சு விடும்" என்றாள். மறுநாள் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். ஆமாம், விடுகிறது! இத்தனை வருஷத்தில் எனக்கு அது கேட்டதே இல்லை. பலகையை உடைத்துப் போடு என்கிறார் அப்பா, நான் விடவில்லை. இனி மைதானத்தில் மட்டும்தான் என்று சத்தியம் செய்திருக்கிறாள், நான் பாதி நம்புகிறேன்.

யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டபோதுதான் பலகையைத் திருப்பிப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். அப்புறம் சொன்னாள், "அண்ணன்." டியூஷன் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவாயாமே, அப்போது உனக்குப் பதினாலு வயசாம்.

திட்ட மாட்டேன். நீ நல்ல வேலையும் நல்ல துணையுமாக நூறு வயசு இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே. பதில் எழுதும்போது ஒன்றை மட்டும் மறைக்காமல் எழுது. நீ பிடித்துக்கொண்டு போன பஸ்களில் என்னுடையதும் உண்டா?

என்றும் உன்
அம்மா