மூன்றாம் வகுப்பின் கண்டுபிடி ஆட்டம்

இரும்புலியூர்,
18.11.2024

என் அன்பு மேரிக்கு,

ஷீலா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மழைதான் விட்டபாடில்லை. உன் கழுத்து ஆபரேஷன் தையல் ஆறிவிட்டதா, கஞ்சியை விட்டுச் சோற்றுக்கு வந்துவிட்டாயா என்று திண்டுக்கல்லில் உன் அக்காவிடம் கேட்டால், எல்லாம் மாதா பார்த்துக்கொள்வார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். உன்னிடம் போனில் பேசலாம் என்றால், நான் மட்டும் பேசிக்கொண்டே போக, அந்தப் பக்கம் நீ மூச்சுவிடுவது மட்டும் கேட்கிறது. எனக்கு அழுகை வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், திட்டாதே. தலைமையாசிரியரிடம் கொடுக்கச் சொல்லி நீ அனுப்பிய ராஜினாமாக் கடிதம் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. இனிமேல் உரத்துப் பேசவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், குரல் இல்லாத டீச்சரை வைத்துக்கொண்டு பிள்ளைகள் என்ன செய்யும் என்று எழுதியிருந்தாய். அதோடு நிறுத்தினாயா? ஜூலையிலிருந்து பாடம் நடத்தத் தெம்பில்லாமல், அட்டையை வைத்து விளையாட்டுக் காட்டிப் பிள்ளைகளை ஏமாற்றிவிட்டேன் என்று வேறு. படித்த அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு நீ பக்கத்தில் இல்லாமல் போனது நல்லதாகப் போயிற்று.

உன் மூன்றாம் வகுப்பை இப்போது நான்தான் என் நான்காம் வகுப்போடு சேர்த்துப் பார்க்கிறேன். போன வாரம் சவுரிமுத்து அண்ணன் வேலைக்குப் போகிற வழியில் உன் ரஸ்க் டின்னைக் கொண்டுவந்து கொடுத்தார். நீ இல்லாமல் தனியாக இருக்கிறாரே என்று சாப்பாடு கட்டிக் கொடுத்தால், நேற்று வைத்த ரசம் இருக்கிறது என்கிறார் உன் வீட்டுக்காரர். மெலிந்துதான் போயிருக்கிறார், மறைத்து என்ன ஆகப்போகிறது.

டின்னைத் திறந்தால், பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் நீ ஒட்டிய படங்கள். கடை நோட்டீஸில் வெட்டிய முருங்கைக்காய், காலண்டரில் வெட்டிய மயில், நீயே வரைந்த, ஒரு கால் குட்டையான நாற்காலி. தொண்டை வலியோடு உட்கார்ந்து இவ்வளவையும் வெட்டியிருக்கிறாய்.

நானும் முருங்கைக்காய் அட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஆட்டத்தை ஆரம்பித்தேன். என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. பச்சையாக இருக்குமா என்று ஒருவன் கேட்டான். ஆமாம், நீளமாகவும் இருக்கும், சாம்பாரில் போடுவார்கள் என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். வகுப்பே கத்திவிட்டது. மிஸ் அழுகுணி ஆட்டம் ஆடுகிறாராம். அட்டை வைத்திருப்பவர் வாயைத் திறக்கவே கூடாதாம், தலையை மட்டும்தான் ஆட்ட வேண்டுமாம். யாராவது ஒற்றை வார்த்தையில் கேட்டால் கூரையைப் பார்க்க வேண்டுமாம். முழு வாக்கியமாகக் கேட்டால்தான் பதிலாம். மேரி டீச்சர் அப்படித்தான் ஆடுவாராம்.

மேரி, உன் குரல் போனது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. வலியில் நீ வாயை மூடிக்கொண்டிருந்ததை ஆட்டத்தின் சட்டம் என்று நினைத்திருக்கிறார்கள். டீச்சர் பேசக் கூடாது, நாம்தான் பேச வேண்டும் என்று மூன்று மாதம் பேசித் தள்ளியிருக்கிறார்கள். என் வகுப்பில் நான் தொண்டை கிழியக் கத்துகிறேன், ஒரு பிள்ளையும் முழு வாக்கியம் பேசுவதில்லை. பொறாமையாகத்தான் இருந்தது.

அதைவிடப் பெரிய சங்கதி வெள்ளிக்கிழமை நடந்தது. பீர்க்கன்கரணையில் அடுக்குமாடி கட்டுகிற இடத்திலேயே குடும்பத்தோடு தங்கியிருக்கிறாளே, ஒடிசாவிலிருந்து வந்த ரேஷ்மா, ஜூனில் சேர்ந்தபோது தன் பேரைக்கூடத் தமிழில் சொல்லாதவள், அன்று தானாக எழுந்து வந்தாள். படம் வேண்டாம் மிஸ், நான் வீட்டிலிருந்து பொருள் கொண்டுவந்திருக்கிறேன் என்றாள். மஞ்சள் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, உன்னைப் போலவே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சாப்பிடுகிற பொருளா, சமையலறையில் இருக்குமா, சத்தம் போடுமா என்று பதினேழு கேள்வி கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே தலையசைத்தாள். வராந்தாவில் போய்க்கொண்டிருந்த தலைமையாசிரியர் ஜெபசீலன் சாரும் உள்ளே வந்து, கனமாக இருக்குமா என்று கையைத் தூக்கிக் கேட்டார். அதற்கு மட்டும் ஆமாம்.

ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் வெளியே எடுத்தாள். தூக்குக்குண்டு! கொத்தனார்கள் நூலில் கட்டித் தொங்கவிடுவார்களே, அது. எங்கப்பா இதைத் தொங்கவிட்டுத்தான் சுவர் நேராக வருகிறதா என்று பார்ப்பார், கோணலாகப் போனால் இடித்துவிட்டுத் திரும்பக் கட்டுவார் என்று அவளே விளக்கினாள். அத்தனையும் தமிழில், ஒரு திக்கல் இல்லாமல். நான் அழுதுவிட்டேன், மேரி. பெருமையாக இருந்தது. நான் பெற்ற பிள்ளை முதல் பரிசு வாங்கியிருந்தால்கூட இவ்வளவு இருந்திருக்காது.

இது யார் கொண்டுவந்த ஆட்டம் என்று சார் கேட்டார். உன் பேரை வகுப்பு முழுக்கச் சொன்னது. மேரி டீச்சர் வந்ததும் நான்கு, ஐந்தாம் வகுப்புக்கும் ஆரம்பிக்கச் சொல்லுங்கள் என்றார். அவளால் பேச முடியாதாமே சார் என்று இழுத்தேன். இந்த முக்கால் மணி நேரத்தில் நீங்கள் என்ன பேசினீர்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டார். யோசித்துப் பார்த்தால், ஒன்றுமே பேசவில்லை. இந்த ஷீலா அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தது இந்தப் பள்ளிக்கூடத்தில் அதுதான் முதல் தடவை.

நீ இல்லாமல் மத்தியானச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை என்பதை எல்லாம் நான் எழுதப்போவதில்லை. உன் ராஜினாமாவை நான் கொடுக்க மாட்டேன், தபாலில் திருப்பி அனுப்பவும் மாட்டேன். அவ்வளவு பிடிவாதம் என்றால், உடம்பு தேறியதும் ரயிலேறித் தாம்பரத்தில் இறங்கி, நேரில் வந்து வாங்கி, உன் கையாலேயே சாரிடம் கொடு. அவர் அறைக்கு வேறு வழி கிடையாது. மூன்றாம் வகுப்பு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். நீ தாண்டிப் போய்விட்டால், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

மாதா உன்னைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும்,
ஷீலா