என் அடிக்கு நீ விட்ட இடம்

என் பாராயணத்தின் முன்னடியாக வாழ்ந்த ரங்கநாயகிக்கு,

மல்லேஸ்வரத்து வீட்டில் யாவரும் நலம் என்று எழுத மனம் ஒப்பவில்லை. ஆயினும் செய்தி உண்டு. நம் வீட்டுக்கு இப்போது இணையம் வானத்திலிருந்து இறங்குகிறது. தெருவைத் தோண்டும்போதெல்லாம் கேபிள் அறுந்து, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நம் பிள்ளை வரதன் பொறுமையிழந்தான். நீ வடாம் உலர்த்திய மொட்டை மாடி மூலையில் இன்று ஒரு வெள்ளைத் தட்டு நிற்கிறது. பொருத்த வந்தவர், "ஆகாசா கிளீனாகி இர்பேக்கு சார்" என்று கன்னடத்தில் சொல்லி, வானம் மறையாதிருக்கக் கொடிக்கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்; வரதனும் அவிழ்த்துவிட்டான். உலரும் புடவைகூடக் குறுக்கே வரலாகாதாம். மேலிருந்து இணையம் அனுப்பும் செயற்கைக்கோள் நீ இருக்கும் உயரத்தைத் தொடுகிறதா? யாரைக் கேட்பேன்?

வந்த இணையத்தை வரதன் இரண்டாகப் பிரித்தான். ஒன்று வீட்டாருக்கு, மற்றது விருந்தினருக்கு. மாடியில் வாடகைக்கு இருக்கும் பிள்ளைகளும் நானும் விருந்தினர்.

"நீங்க கண்ட லிங்க்கையெல்லாம் அமுக்கறேள்ப்பா. என் ஆபீஸ் கம்ப்யூட்டர் இருக்கற நெட்வொர்க்ல உங்க போன் வேண்டாம்."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், நாம் கட்டிய வீட்டில் நான் அதிதி. அதிதியைத் தெய்வமாகப் போற்றச் சொல்லும் வேதத்தை இத்தனை காலம் ஓதியதற்குக் கிடைத்த பலன் போலும்.

அதையும் பொறுத்தேன். உன் குரலோ வீட்டார் பக்கத்தில் அகப்பட்டுக்கொண்டது. என் போனிலிருந்த உன் பழைய பதிவுகளை அவன் புதிய சேமிப்புப் பெட்டிக்கு மாற்றிவிட்டான். விருந்தினர் போனுக்கு அது திறக்காது.

டாக்டர் உன் தொண்டையில் கத்தி வைப்பதற்கு முன் நீ மார்கழிப் பாசுரங்களைப் பதிவு செய்த காலை நினைவிருக்கிறதா? கோயில் கோஷ்டியில் ஒவ்வொரு பாட்டிலும் ஒரு புறத்தார் முன்னடி சொல்ல, எதிர்ப்புறத்தார் பின்னடி சொல்வது போலத்தானே நாம் மார்கழி தோறும் சொல்லி வந்தோம்? நீ முன்னடிகளை மட்டும் பதிந்தாய். "உங்க அடிக்கு இடம் விட்டிருக்கேன். சும்மா கேட்டுண்டு உக்காராதீங்கோ, வாயைத் திறக்கணும்" என்று சிரித்தாய். நீ விட்ட அந்த இடத்தில் உன் மூச்சு இருந்தது; அடுக்களைக் குக்கரின் சீறல் இருந்தது; நான் சொல்லி முடிக்கும்வரை நீ காத்திருந்தது இருந்தது.

நீ போன பின் அந்த இடத்தில்தான் மார்கழிதோறும் என் பின்னடியைச் சொல்லிவந்தேன். இம்மார்கழி பிறந்தபோது, நீராடித் திருமண் இட்டு, ஊமைப் போனின் முன் அமர்ந்திருந்தேன். அதைக் கண்டு வரதன் மனமிரங்கினான். "சரி, வீட்டு நெட்வொர்க்லயே போட்டுத் தரேன். இனிமே எல்லா ரூம்லயும் அம்மா குரல் கேக்கும்" என்றான்.

கேட்டது, ரங்கநாயகி. தெளிவாகவே கேட்டது. உன் முன்னடி முடிந்தது. நான் மூச்சிழுத்தேன். வாய் திறப்பதற்குள் அடுத்த பாட்டின் முன்னடிக்குப் போய்விட்டாய். அதற்குப் பின் அடுத்தது. வாழ்நாளில் ஒருமுறையேனும் நீ எனக்குக் காத்திராமல் போனதுண்டா?

"நடுவுல வெறுமனே காலியா இருந்துதுப்பா. ரெக்கார்டிங் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு, சாஃப்ட்வேர்ல போட்டு அதையெல்லாம் எடுத்துட்டேன். இப்ப எவ்வளவு ஸ்மூத்தா வரது பாருங்கோ."

"பழசு?"

"அழிச்சுட்டேன். எதுக்கு ரெண்டு?"

"அது காலி இல்லைடா. அங்கே நான் இருந்தேன்."

"நீங்க அதுல பேசவே இல்லையேப்பா!"

விடியல்தோறும் போர்வைக்குள் கிடந்து நம் இருவர் குரலையும் கேட்டு வளர்ந்த பிள்ளை இவன். என்ன கேட்டான்? விண்ணுக்கும் தட்டுக்கும் நடுவே இடைவெளி வேண்டும் என்று கொடியை அவிழ்த்தவனுக்கு, உனக்கும் எனக்கும் நடுவே இருந்தது மட்டும் பழுதாகப்பட்டதே!

அந்தப் பதிவை இனி நான் கேட்கப்போவதில்லை. நாளை விடியலில் பெருமாள் முன் அமர்ந்து பின்னடிகளை மட்டும் சொல்வேன். உன் முன்னடிக்குரிய நேரமெல்லாம் வாய்மூடிக் காத்திருப்பேன். பார்ப்பவர்கள் கிழவனுக்கு மறதி என்பார்கள், சொல்லட்டும். நான் விடும் இடத்தை எவரும் வெட்டி எடுக்க முடியாது. இது உனக்கு நான் தரும் வாக்கு.

எதிர்ப்புறத்தில் அமர்ந்திருக்கும்
உன் அகத்துக்காரன்