மதினி போட்ட சோறு

12-3-1958, புதன்

மூன்று மாதமாக இவருக்கு ஒரு கரண்டி சோறும், தட்டு நிறைய வேகவைத்த அவரைக்காயும் புடலங்காயும்தான். தினமும் காலையில் டாக்டர் தந்த நீல மருந்தில் சிறுநீரைக் காய்ச்சிப் பார்க்கிறேன். நீலம் மாறவில்லை. சர்க்கரை கட்டுக்குள் நின்றது.

இன்று மல்லாங்கிணற்றிலிருந்து இவருடைய அக்கா, என் மதினி, வந்தார். ராத்திரி இவர் தட்டைப் பார்த்ததும், "ஏ புள்ள, எந்தம்பிக்குச் சோறு போட மனசில்லையா? காயத் தின்னா சாப்பாடாகுமா?" என்று கரண்டியைப் பிடுங்கி, சோற்றை அள்ளி அள்ளி வைத்தார். நான் ஜாடை காட்டினேன். இவர் நிமிரவேயில்லை. கை கழுவும்போது சொல்கிறார், "இன்னைக்குத்தான்க்கா வயிறு நெறஞ்சிருக்கு."

பாவி மனுஷன்! அப்படியென்றால் மூன்று மாதமாக நான் பட்டினி போட்டேனா?

நாளை சர்க்கரை ஏறி, மருந்து செங்கல் நிறமாகும். அக்கா முதல் பஸ்ஸிலேயே போய்விடுவார். என்ன சமைத்துப் போட்டாய் என்று டாக்டர் என்னைத்தான் கேட்பார்.